இங்கே என்றால் எங்கே? – கணினி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். சொந்தமாக வலைத்தளம் தொடங்கிவிட்டு, எழுத்துக்குள் லிங்க் போடத் தெரியாமல் நிற்கிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் என் பயிற்சி மையத்துக்கு வருகிறவர்களும் முதல் வாரமே கேட்பது இதைத்தான். அதனால் பிரின்டர் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: இந்தப் பகுதியில் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே அச்சிடுகிறோம். கணினியில் அடிக்கும்போது அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குத்துவிளக்கு வார்க்கிறோம். வேர்ட்பிரஸ்ஸில் தளம் தொடங்கி, ஒவ்வொரு விளக்கின் உயரம், எடை, விலை எல்லாம் எழுதிவிட்டேன். வாட்ஸ்அப்பில் பேச ஒரு வழி, கடைக்கு வர மேப், இரண்டையும் ஒட்டினால் ஆங்கில எழுத்தாக நீளமாகக் கிடக்கிறது. மற்ற தளங்களில் ஒரு சொல்லைத் தொட்டாலே போகிறதே, அது எப்படி?
– வாசகி, நாச்சியார்கோயில்

உங்கள் தொழிலையே வைத்துச் சொல்கிறேன். விளக்கில் அடி வேறு, தண்டு வேறு. தனித்தனியாக வார்த்து, மரை முடுக்கித்தான் ஒரே விளக்காக நிறுத்துகிறீர்கள். லிங்க்கிலும் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, போய்ச் சேர வேண்டிய முகவரி. இன்னொன்று, அந்த முகவரியைத் தாங்கி நிற்கும் சொற்கள். நீங்கள் இப்போது முகவரியை மட்டும் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். சொற்களோடு அதை முடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் போக வேண்டிய பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள முகவரியை முழுதாகக் காப்பி எடுங்கள். மேப் என்றால் கூகுள் மேப்ஸில் உங்கள் கடையைத் தேடி, ஷேர் பொத்தானைத் தொட்டால் சிறிய முகவரி ஒன்று கிடைக்கும். அடுத்து உங்கள் தளத்தின் எடிட்டரில் "கடைக்கு வரும் வழி" என்று தமிழில் எழுதி, அந்தச் சொற்களை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். மேலே சின்னப் பட்டை ஒன்று தோன்றும். அதில் சங்கிலிக் கண்ணி மாதிரி இருக்கும் படத்தை அழுத்தி, முகவரியை ஒட்டி, என்டர் தட்டுங்கள். கன்ட்ரோல் விசையோடு கே எழுத்தை அழுத்தினாலும் அதே பெட்டி வரும். வேர்ட், ஜிமெயில், கூகுள் டாக்ஸ் ஆகியவற்றிலும் இதே விசைதான். வேர்ட்பிரஸ்ஸில் இன்னும் சுருக்கமான வழி, சொற்களைத் தேர்ந்தெடுத்த நிலையிலேயே கன்ட்ரோலோடு வி அழுத்துவது. எழுத்து அழியாது. அந்த எழுத்தே லிங்க் ஆகிவிடும். போனில் எழுதுகிறீர்கள் என்றால், சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுங்கள். மற்றதெல்லாம் அதேதான்.

வாட்ஸ்அப்புக்குத் தனி முகவரி இருக்கிறது. ஹெச்டிடிபிஎஸ், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, டபிள்யூஏ, புள்ளி, எம்ஈ, சாய்கோடு, பிறகு 91 சேர்த்த உங்கள் பத்து இலக்க எண். எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி வேண்டாம், சைபர் வேண்டாம், நடுவில் இடைவெளியும் கோடும் வேண்டாம். இதைத் தொட்டவர் உங்கள் எண்ணைச் சேமிக்காமலே உங்களோடு பேசலாம். நேராகப் போன் செய்ய வைக்க வேண்டுமென்றால், டெல் என்ற மூன்றெழுத்து, முக்காற்புள்ளி, பிறகு கூட்டல் குறியோடு 91, எண். இங்கே கூட்டல் குறி வேண்டும்.

இத்தனையும் அரை மணி நேரத்தில் பழகிவிடும். நான் உங்களோடு நிறைய பேச நினைப்பது இதற்கு அடுத்த விஷயத்தை. கடிதத்தோடு அனுப்பிய படத்தில், ஒவ்வொரு விளக்கின் கீழும் "விலை அறிய இங்கே கிளிக் செய்யவும்" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த "இங்கே" மேல் லிங்க் போடப் போகிறீர்கள் என்று தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மையத்துக்குப் பார்வையில்லாத மாணவர் ஒருவர் வந்தார். கணினியில் என்விடிஏ போட்டுக்கொண்டார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இரண்டு பேர் 2006-ல் தொடங்கி, காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்தது. தமிழும் வாசிக்கும். அன்றைக்கு நான் செய்து முடித்திருந்த ஒரு பட்டுச்சேலைத் தளத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நாம் கண்ணால் துழாவுகிற மாதிரி அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இன்சர்ட் விசையோடு எஃப் 7 தட்டினால், அந்தப் பக்கத்தில் உள்ள லிங்க்குகள் மட்டும் பட்டியலாக வரும். அம்புக்குறியால் ஒவ்வொன்றாக இறங்கினார். ஸ்பீக்கரில் கேட்டது: "இங்கே. இங்கே. இங்கே. மேலும். இங்கே. மேலும்." பதினான்கு லிங்க். அவர் கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எங்கே மேடம்?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து பதினான்கையும் மாற்றினேன்.

என் அப்பா அரசலாற்றுப் பக்கம் மதகு திறந்து மூடும் லஸ்கராக இருந்தவர். ஜூன் 12-ல் மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்கள் என்றால் அதற்குப் பத்து நாள் முன்பே கிரீஸ் டப்பாவும் கறுப்புப் பெயின்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கிரீஸ் மதகின் திருகுக்கு. பெயின்ட், எந்த மதகு எந்த வாய்க்காலுக்கு என்று பெயர் எழுத. "தெரிஞ்சவனுக்கு எதுக்குப் பேரு? ராத்திரியில புதுசா வர்றவன் பார்த்துத் திறக்கணும்ல" என்பார். உங்கள் தளத்துக்கு வருகிறவரும் புதிதாக வருகிறவர்தான். நாச்சியார்கோயிலைப் பார்க்காதவராகக்கூட இருப்பார். "மூன்றடி அன்னப்பட்சி விளக்கின் விலை" என்று சொல்லின்மேலேயே லிங்க் போடுங்கள். அதைத் தொடும் முன்பே எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பார்வையில்லாதவருக்கும் தெரியும், போனில் வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கும் தெரியும். கூகுள் போன்ற தேடுபொறிகளும் லிங்க் இருக்கும் சொற்களை வைத்துத்தான், அது எதைப் பற்றிய பக்கம் என்று ஒரு கணக்குப் போடுகின்றன. ஒரு முழுப் பத்திக்கும் லிங்க் போட்டுவிடாதீர்கள். இரண்டு முதல் ஆறு சொல் போதும். ஒரு சொல்லின் பாதியில் தொடங்கிப் பாதியில் முடிகிற மாதிரியும் விடாதீர்கள். இழுத்துத் தேர்ந்தெடுக்கும்போது கடைசி எழுத்து சில சமயம் வெளியே நின்றுவிடும். ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்பேடில் ஹெச்டிஎம்எல் (வலைப்பக்க மொழி) எழுதிப் பழகுகிறேன். கல்லூரியின் தளத்துக்கு லிங்க் கொடுத்தால், என் தளத்தின் பெயரும் அந்தப் பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு, பக்கம் இல்லை என்று 404 வருகிறது. ஒரு படத்துக்குக் கொடுத்த லிங்க் என் லேப்டாப்பில் திறக்கிறது, நண்பன் போனில் திறக்கவில்லை. எங்கே தப்பு?
– மாணவர், தஞ்சாவூர்

தம்பி, கையால் எழுதிப் பழகுவது நல்ல காரியம். விடாமல் செய்யுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தப்பும் முகவரியில்தான் இருக்கின்றன.

முதல் தப்பு, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்று நேராகத் தொடங்கிவிட்டீர்கள். அதற்கு முன்னால் ஹெச்டிடிபிஎஸ், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு இல்லாவிட்டால், அது வேறு ஊர் என்று உலாவிக்கு (பிரவுசருக்கு) தெரியாது. இந்தத் தளத்துக்குள்ளேயே அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதாக்கும் என்று நினைத்துத் தேடும். இருக்காது. 404 வரும். உங்கள் தளத்துக்கு உள்ளேயே போகிற லிங்க்குக்கு மட்டும்தான் அந்த முன்பகுதி இல்லாமல் கோப்பின் பெயரை மட்டும் எழுதலாம். தஞ்சாவூருக்குள் கடிதம் கொடுத்தனுப்ப "கீழவாசல்" என்றால் போதும், சென்னையிலிருந்து அனுப்பினால் ஊர் பெயரும் வேண்டும் அல்லவா? அது மாதிரிதான்.

இரண்டாவது, படத்தின் முகவரி சி டிரைவிலிருந்து தொடங்குகிறது. அது உங்கள் லேப்டாப்புக்குள் இருக்கும் இடம். நண்பரின் போனுக்கு உங்கள் சி டிரைவ் எப்படித் தெரியும்? படத்தைத் தளத்தில் ஏற்றிவிட்டு, அங்கே அதற்குக் கிடைக்கும் முகவரியைக் கொடுங்கள். கோப்பின் பெயரில் இடைவெளியும் பெரிய எழுத்தும் வேண்டாம். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். லினக்ஸில் ஓடும் சர்வர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. வீட்டில் ஓடியது தளத்தில் ஓடாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

எழுதும் முறையையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோணக்குறி திறந்து, ஏ, ஒரு இடைவெளி, ஹெச்ரெஃப், சமக்குறி, இரட்டை மேற்கோளுக்குள் முகவரி, கோணக்குறி மூடல். அதன்பின் பக்கத்தில் தெரிய வேண்டிய சொற்கள். கடைசியில் கோணக்குறிகளுக்குள் சாய்கோடும் ஏ-வும். இந்தக் கடைசியை மறந்தால் அதற்குக் கீழே உள்ள பத்திகளும் நீலமாகிவிடும். மேற்கோள் குறி நேராக நிற்க வேண்டும். வேர்டிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டினால் சில சமயம் வளைந்த மேற்கோள் வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் லிங்க் வேலை செய்யாது. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அதிக நேரம் தேடுவது இந்த வளைவைத்தான்.

லிங்க் ஏன் நீலமாகவே இருக்கிறது? எனக்குப் பச்சை பிடிக்கும். மாற்றலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, வேதாரண்யம்

நல்ல கேள்வி. சுவிட்சர்லாந்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் வலைக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அவருடைய முதல் வலைத்தளம் வெளியானது 1991-ல். எழுத்தைத் தொட்டு இன்னொரு எழுத்துக்குப் போகலாம் என்ற எண்ணம் அதற்கும் மூத்தது. ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற பெயரை டெட் நெல்சன் என்பவர் 1965-லேயே வைத்துவிட்டார். பெர்னர்ஸ்-லீயின் முதல் உலாவி கறுப்பு வெள்ளைத் திரையில்தான் ஓடியது. அதில் லிங்க்குக்கு அடிக்கோடுதான் அடையாளம். 1993-ல் வந்த மொசைக் உலாவி நீலத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு வந்த உலாவிகளும் அதையே பின்பற்றின. ஏற்கெனவே போய்வந்த லிங்க் ஊதாவாக மாறுவதையும் பார்த்திருப்பாய்.

பச்சையாகத் தாராளமாக மாற்றலாம். தளத்தின் ஸ்டைல் பகுதியில் ஒரு வரிதான். பின்னணி வெள்ளையாக இருந்தால் அடர்ந்த பச்சையாக எடு. நாற்றங்காலின் இளம் பச்சை, வெயிலில் போன் பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. அடிக்கோட்டை மட்டும் எடுத்துவிடாதே. நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கோடுதான் துணை.

ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அவர்கள் நடத்திய நெல் திருவிழாவுக்குப் போய் வந்ததிலிருந்து பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றிக் குறிப்பெடுத்து வருகிறேன். பூங்கார், கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மேலே பெயரைத் தொட்டால் அதே பக்கத்தில் கீழே அந்த ரகத்துக்குப் போக வேண்டும். முடியுமா? இன்னொன்று, தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியை ஒட்டினால் தமிழ் மறைந்து சதவீதக் குறியாக வருகிறது. கணினியில் வைரஸ் ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

வைரஸ் இல்லை, ஐயா. பயப்பட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வலை முகவரியில் அடிப்படை ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும்தான் நேராகப் போகலாம். தமிழ் போக வேண்டுமென்றால் வேறு உருவத்தில்தான் போகும். "நெல்" என்று நாம் எழுதுவது கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு நான்கு: ந, ஒற்றைக் கொம்பு, ல, புள்ளி. ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினியின் சேமிப்பு அலகு). ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தோ எண்ணோ ஆக மாறும். ஆக, நாலு மூன்று பன்னிரண்டு, பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு. இரண்டெழுத்து நெல் 36 குறியாக வளர்ந்துவிடுகிறது. பூங்கார் என்றால் 72. உலாவி தன் முகவரிப் பெட்டியில் அதைத் திரும்பத் தமிழாக்கிக் காட்டுகிறது. காப்பி எடுக்கும்போது உள்ளே இருப்பது வெளியே வருகிறது. லிங்க் சரியாகவே வேலை செய்யும். நடுவில் ஒரு குறிகூட விடுபடாமல் ஒட்டினால் போதும். முகவரியைப் பக்கத்தில் அப்படியே கொட்டாமல் "கருப்புக் கவுனி பற்றி விக்கிப்பீடியாவில்" என்ற சொற்களுக்குப் பின்னால் வைத்துவிட்டால், படிக்கிறவர் கண்ணில் அது படவே படாது.

அடுத்தது ஒரே பக்கத்துக்குள் இறங்குவது. நீங்களும் வேர்ட்பிரஸ்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே "பூங்கார்" என்று தலைப்பு இருக்கிறதே, அதைத் தொடுங்கள். வலப்பக்கம் அமைப்புகளில் அட்வான்ஸ்டு என்ற பகுதியை விரித்தால் ஹெச்டிஎம்எல் ஆங்கர் என்று ஒரு பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் பூங்கார் என்று ஒரு அடையாளப் பெயர் கொடுங்கள். பிறகு மேலே பட்டியலில் "பூங்கார்" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து, லிங்க் பெட்டியில் ஹேஷ் குறியும், அதை ஒட்டினாற்போல் அதே அடையாளப் பெயரும் அடியுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் வேறு வேறு பெயர் இருக்க வேண்டும். இரண்டு சம்பாவுக்கும் சம்பா என்றே வைத்தால் எல்லாம் முதல் சம்பாவிலேயே போய் நிற்கும். ஒவ்வொரு ரகத்தின் முடிவிலும் "ரகங்களின் பட்டியலுக்கு" என்று மேலே திரும்ப ஒரு லிங்க் வைத்தால், போனில் படிக்கிற விவசாயிக்கு விரல் வலிக்காது.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, ஐயா. உங்கள் பக்க முகவரியின் கடைசியில் அந்த ஹேஷ் குறியும் பெயரும் சேர்த்து யாருக்காவது அனுப்பினால், அவர் நேரே பூங்காரிலேயே வந்து இறங்குவார். விதை கேட்டு எழுதுகிறவர்களுக்கு அப்படியே அனுப்பலாம்.

லிங்க்கைத் தொட்டால் புது டேபில் திறக்க வேண்டுமா, அதே டேபிலா?
– வாசகர், மயிலாடுதுறை

பெரும்பாலும் அதே டேப். திரும்பி வர பேக் பொத்தான் இருக்கிறது, எல்லோருக்கும் அது பழக்கம். புது டேபில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. வயதானவர்கள் குழம்பிப்போவதை மையத்தில் தினமும் பார்க்கிறேன். படிவம் நிரப்புகிற பக்கத்தின் நடுவில் விதிமுறைக்கு லிங்க் கொடுக்கிறீர்கள் என்றால் மட்டும் புது டேப் வையுங்கள். நிரப்பியது அழியாது. அப்போதும் "புது டேபில் திறக்கும்" என்று லிங்க் எழுத்திலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

தேவாரத் தலங்களைப் பற்றி ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பக்கம் எழுதினேன். நாற்பது லிங்க் இருந்தது. இப்போது பார்த்தால் பாதி திறக்கவில்லை. சில வேறு ஏதோ விளம்பரத்துக்குப் போகின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிடட்டுமா?
– வாசகி, திருவாரூர்

எடுக்காதீர்கள் அம்மா. ஒரு நாள் உட்கார்ந்தால் பெரும்பாலானவற்றை மீட்டுவிடலாம்.

விளம்பரத்துக்குப் போகிறவற்றை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பழைய தளத்துக்காரர் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார், வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கியிருப்பார்கள். உங்களை நம்பித் தொடுகிறவர் அங்கே போய் மாட்டக்கூடாது.

திறக்காத மற்றவற்றில் சிலவற்றுக்கு, அந்தத் தளம் இன்னும் இருக்கும், பக்கம் மட்டும் இடம் மாறியிருக்கும். தளத்தின் முகப்புக்குப் போய், தலத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். தளமே போய்விட்டது என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது. 1996-ல் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களுடைய வேபேக் மெஷினில், திறக்காத முகவரியை ஒட்டினால், எந்தெந்தத் தேதியில் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நாட்காட்டி மாதிரி காட்டும். நீங்கள் எழுதிய ஆண்டை ஒட்டிய தேதியைத் தொட்டு, அப்போது வரும் முகவரியைப் பழையதற்குப் பதிலாகப் போடுங்கள். எல்லாப் பக்கமும் அங்கே இருக்காது. ஆனால் இருந்தால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது. இனிமேல் லிங்க் கொடுக்கும்போதே, முக்கியமான பக்கமாக இருந்தால், அதே இடத்தில் சேமிக்கச் சொல்லும் பெட்டியில் முகவரியைக் கொடுத்து ஒரு படி எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

பதிகங்களின் மூலத்துக்கு மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி. தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாகக் கொடுக்கிறார்கள். லிங்க் கொடுக்கும்போது முகப்போடு நிறுத்திவிடாமல், அந்தத் திருமுறை இருக்கும் பக்கத்துக்கே கொடுங்கள். சொல்லிலும் "முதல் திருமுறை மூலம், மதுரைத் திட்டம்" என்று எழுதிவிட்டால், நாளைக்கு அந்த முகவரி மாறினாலும் படிக்கிறவர் பெயரை வைத்துத் தேடிக்கொள்வார்.

வேர்ட்பிரஸ்ஸில் உடைந்த லிங்க்குகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் பிளக்இன்கள் என்ற துணை நிரல்கள் உண்டு. நாற்பது லிங்க்குக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். ஒவ்வொன்றாகத் தொட்டு, வருகிற பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிடுவதே மேல். விளம்பரத் தளம் திறந்தாலும் பிளக்இன் அதைச் சரியென்றே சொல்லும்.